துணைவியுடன் ஒரு மிதிவண்டிப் பயணம்

சென்ற ஆண்டு என் துணைவியாரின் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது, நாள்தோறும் நடக்க வேண்டும்" என்றார். நடந்தோம். பதினைந்தாம் நாளே முழங்கால் வலி வந்து அவரை மூலையில் உட்கார்த்திவிட்டது. மறுபடி சென்றபோது மருத்துவர் கேட்டார்: "சைக்கிள் ஓட்டத் தெரியுமா அம்மா?" உடலின் எடையைப் பெரும்பாலும் இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்குச் சுமை குறையும் என்பது அவர் தந்த விளக்கம்.

துணைவியாருக்கு வயது நாற்பத்திரண்டு. புர்கா அணிபவர். ஊரோ குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு பகலாக இரையும் இடம். வீடு திரும்பும் வரை அவர் வாய் திறக்கவில்லை. வந்ததும், "நீங்களும் ஓட்டுவதாக இருந்தால் கற்றுக்கொள்கிறேன்" என்றார்.

மத்ரஸா ஆசிரியரின் ஊதியத்தை வாசகர்கள் அறிவார்கள். புது வண்டி இரண்டு வாங்கும் நிலை இல்லை. ஆனால், மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசு வழங்கிய மிதிவண்டி திண்ணையில் துருவேறிக் கிடந்தது. ஈரத்துணி காயப்போட மட்டுமே பயன்பட்டது. 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிவுபெற்ற திட்டம் அது. நம் வீடுகளில் இப்படி எத்தனை வண்டிகள் உறங்குகின்றனவோ! டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் மாற்ற 1,700 ரூபாய் ஆயிற்று. எனக்கு ஒரு பழைய வண்டியைச் சைக்கிள் கடைக்காரர் 1,500 ரூபாய்க்குக் கொடுத்தார்.

சிறுவயதில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றவர்கள் நாம். நாற்பது வயதில் அந்த வழி ஆகாது. கடைக்காரர் எளிய வழி ஒன்று சொன்னார். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் படியும்படி இருக்கையைத் தாழ்த்தி, கால்களால் உந்தித் தள்ளிப் பழக வேண்டும். நிலைகுலையாமல் செல்வதே முதற்பாடம். மிதிப்பது பிறகு தானே வரும். சிந்தித்துப் பார்த்தால், 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த முதல் இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தியே அவர் ஓட்டினார். வரலாறு தொடங்கிய இடத்திலேயே நாங்களும் தொடங்கினோம்.

மாந்தோப்பை ஒட்டிய மண்பாதையில், அஸர் தொழுகைக்குப் பின், ஆள் நடமாட்டம் குறைந்த வேளையில் பயிற்சி நடந்தது. ஒன்பதாம் நாள் பெடல்களை மாட்டினேன். பதினோராம் நாள் விழுந்தார். புர்காவின் ஓரம் செயினில் சிக்கி, முழங்கை சிராய்ந்து, துணியும் கிழிந்தது. தவறு என்னுடையது, செயினை முழுமையாக மூடும் உறையை முதலிலேயே மாட்டியிருக்க வேண்டும். பின்சக்கரத்தின் இருபுறமும் துணி சிக்காமல் காக்கும் வலையும் கட்டாயம் தேவை. இவை மாட்டிய பின், கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அகன்ற அங்கியும் உள்ளே சல்வாரும் அணிந்து ஓட்டுகிறார். மறைப்புக்கும் குறைவில்லை, ஓட்டத்துக்கும் இடையூறில்லை.

செய்தி ஓசூரில் இருக்கும் மச்சானுக்கு எட்டியது. புறப்பட்டே வந்துவிட்டார். "மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவரின் மனைவி சைக்கிளில் போனால் ஜமாஅத்தில் என்ன பேசுவார்கள்?" என்றார். தம் மனைவியை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக உட்காரவைத்து நெடுஞ்சாலையில் விரைகிறவர் அவர்! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருப்பதை நினைவூட்டினேன். முதல்முறை அன்னையார் வென்றார்கள். பிற்காலத்தில் நபியவர்கள் வென்றார்கள். மச்சான் அமைதியானார், உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை.

அவருக்குப் புதுக்கோட்டையையும் எடுத்துச் சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகக் கற்றனர். ஏளனப் பேச்சுகளும் எழாமல் இல்லை. பெண்களுக்கான வண்டி போதாதபோது, குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை விரிவாக எழுதியுள்ளார். அப்பெண்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தண்ணீர் சுமக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் பேருந்தை எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்கு மாறியது.

எங்கள் பயணம் அவ்வளவு பெரிதன்று. வெள்ளிக்கிழமை மத்ரஸாவுக்கு விடுமுறை. அன்று காலையும், வேறு இரு நாட்கள் மாலையும், ஆறேழு கிலோமீட்டர். சிப்காட் கம்பெனிப் பேருந்துகள் ஷிப்டு மாற்றி விரையும் நேரத்தைத் தவிர்த்துவிடுகிறோம். நெடுஞ்சாலையில் ஓட்டுவதே இல்லை. கடக்க நேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கிறோம். கேழ்வரகு வயல்களும் தக்காளித் தோட்டங்களும் உள்ள கிராமப் பாதைகளே எங்களுக்குப் போதும். மார்கழிப் பனியில் பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது. அந்நாட்களில் வெயில் ஏறிய பின்பே கிளம்புகிறோம். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்கள் வெறும் வயிற்றோடு ஓட்டலாகாது என்பதால், அங்கியின் பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.6-இலிருந்து 6.9-க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை நிற்கவில்லை, உணவுக் கட்டுப்பாடும் தொடர்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது இதற்காக மட்டுமன்று. பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் எங்கள் பேச்சு பெரும்பாலும் அரிசி, பள்ளிக் கட்டணம், உறவினர் வீட்டுத் திருமணம் என்பதோடு முடிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தில் மெல்ல மிதித்து வந்தவர், "பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் 91 வாங்கினேன், தெரியுமா? மேல்நிலைப் பள்ளி தொலைவு என்று அத்தா நிறுத்திவிட்டார்" என்றார். தெரியாது. என்ன சொல்வதென்றும் தெரியாமல், கொஞ்ச தூரம் பேசாமலே மிதித்தேன்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து துணைவியாரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை திண்ணையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து, மீண்டும் பெடல்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை, மறந்துவிடாதீர்கள்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.