கலங்கினால்தான் நீலம்

"தம்பி, இதுக்குள்ள ஆரும் நீலம் கரைச்சு விட்டவையோ?"

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், மொரெய்ன் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம். ஜூலை மாதம், காலை ஒன்பதரை மணி. வெயில் சுள்ளென்று அடித்தும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வரவில்லை. கேட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல ஆண்டுகளாக டொரண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோவில் வாழும் ஓர் அம்மா. எங்கள் வேனில் இருந்த பதினொரு பேரில் தமிழ் பேசியவர்கள் அவரும் நானும்தான். வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எதிரே இருந்த தண்ணீர் கடல் நீலமும் இல்லை, வான நீலமும் இல்லை. பாலில் மயில்கழுத்து நிறத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது.

கேள்வியை வழிகாட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஊர் வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கையை அவரும் சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு தடவை ஏரியை வடித்து, தரைக்குப் பெயிண்ட் அடிப்போம்." அம்மா சிரிக்கவில்லை. சரியான பதில் வேண்டும் என்ற முகத்தோடு நின்றார். அந்தப் பதில் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம்வரை, நான்கு ஏரிகளில் துண்டு துண்டாகக் கிடைத்தது.

முதலில் வேனைப் பற்றி ஒரு வார்த்தை. பான்ஃபுக்கு ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். மொரெய்ன் ஏரிக்குப் போகும் சாலை ஒடுக்கமானது. வாகன நிறுத்துமிடமோ நம்மூர்க் கல்யாண மண்டப வாசல் அளவுதான். அக்டோபர் நடுவிலிருந்து மே முடியும்வரை அந்தச் சாலையைப் பனிச்சரிவு ஆபத்தால் மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கும் நான்கரை மாதத்திலும் 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. பூங்காவின் பேருந்து, அல்லது அனுமதி பெற்ற சுற்றுலா வேன், அவ்வளவுதான். சிறு குழுவாகப் போவதில் வேறொரு வசதியும் உண்டு: கேள்வி கேட்கலாம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,885 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஏரி. பின்னால் பத்துச் சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. 1894இல் சாமுவேல் ஆலன் என்பவர் அவற்றுக்கு ஸ்டோனி நக்கோடா என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராக வைத்தார். பிற்பாடு பெரும்பாலானவற்றுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்கள். பத்தாவதான 'வெங்க்செம்னா' தப்பித்துக்கொண்டது. 1969, 1979 வரிசைக் கனடிய இருபது டாலர் நோட்டின் பின்பக்கம் இந்தக் காட்சிதான்.

ஏரியின் வாய்ப்பக்கம் பெரிய கற்குவியல் ஒன்று உண்டு. எல்லோரும் அதன்மேல் ஏறித்தான் படம் எடுக்கிறார்கள். 1899இல் இங்கே வந்த வால்டர் வில்காக்ஸ், பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல் என்று அதை நினைத்தார். அப்படிப்பட்ட குவியலுக்கு ஆங்கிலத்தில் 'மொரெய்ன்' என்று பெயர். ஏரிக்கும் அதையே வைத்துவிட்டார். அது பக்கத்து மலையிலிருந்து சரிந்து விழுந்த பாறை என்பதே இன்றைய நிலவியலாளர் பலரின் கருத்து. ஆக, உலகப் புகழ் பெற்ற ஓர் ஏரி தப்பான பெயரோடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறது. அந்தக் கற்களைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் சிலவற்றில் அலை வரிகள் தெரியும். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆழமில்லாக் கடலடியில் மணலாகக் கிடந்தவை அவை. கடல் போய் மலை வந்தும் வரி அழியவில்லை.

அந்தக் குவியலின் உச்சியில்தான் பதிலின் முதல் துண்டு கிடைத்தது. கரையில் நின்றபோது ஏரியில் மலையும் வானமுமே தெரிந்தன. ஏற ஏற அவை மங்கி, தண்ணீரின் சொந்த நிறம் மேலே வந்தது. இது கண்மயக்கம் இல்லை, ஒளியின் கணக்கு. தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது வான வெளிச்சத்தில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். நீர்ப்பரப்பிலிருந்து வெறும் 10 டிகிரி உயரத்தில் நம் பார்வை சாய்ந்து போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பி வரும். தாழ நின்றால் ஏரி கண்ணாடி, உயர நின்றால் ஏரி ஜன்னல். மலை ஏரிகளுக்கெல்லாம் காட்சி முனை என்று ஒன்றை அமைத்து, மூச்சு வாங்க நம்மை ஏற்றிவிடுவதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது. வானத்தின் நீலம்தான் ஏரியில் தெரிகிறது என்ற பழைய விளக்கமும் இங்கேயே விழுந்துவிடுகிறது. வானத்தின் பங்கைக் குறைக்கக் குறைக்க அல்லவா நிறம் கூடுகிறது!

அடுத்து லூயிஸ் ஏரி. விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் கரோலைன் ஆல்பர்ட்டாவின் பெயர். இந்த மாகாணமே அவருடைய கடைசிப் பெயரைத்தான் சுமக்கிறது. 1882இல் டாம் வில்சன் என்ற ரயில்பாதைத் தொழிலாளி 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியவர் ஒரு ஸ்டோனி நக்கோடா வழிகாட்டி. அவர்களிடம் இந்த ஏரிக்குச் சின்ன மீன்களின் ஏரி என்று முன்பே பெயர் இருந்தது.

ஹோட்டல் இருக்கும் கரையில் கூட்டம் நெரிந்தது. எங்கள் வழிகாட்டி எதிர்ப்பக்கம் நடத்தினார். சமதளமான பாதை, இரண்டு கிலோமீட்டர் சொச்சம். முக்கால்வாசிப் பேர் பாதியில் திரும்பிவிடுவார்கள். விஷயம் இருப்பதோ அந்தக் கடைசி முனையில்தான். விக்டோரியா மலையின் பனியாற்றிலிருந்து இறங்கும் ஓடை அங்கேதான் ஏரியில் கலக்கிறது. அந்த இடத்தில் நீலத்தின் சுவடே இல்லை. சாம்பல் வண்டல், சாம்பல் தண்ணீர்.

"அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. நான் படித்த எந்தக் கட்டுரையும் இத்தனை சரியாகச் சொன்னதில்லை. அரிசி கழுவிய நீரில் மிதப்பது அரிசியின் மாவு. இங்கே மிதப்பது பாறையின் மாவு.

அரைப்பது யார்? பனிக்கட்டி தனியாக அரைக்காது. உருகுநிலையில் இருக்கும் பனியை நகத்தால்கூடக் கீறலாம். ஆனால் பனியாறு தன் அடிவயிற்றில் கற்களைக் கடித்துக்கொண்டு நகர்கிறது. உப்புத்தாளில் காகிதமா தேய்க்கிறது? ஒட்டியிருக்கும் துகள்தானே தேய்க்கிறது! பனியின் எடை அழுத்த, அடியில் மெல்லிய உருகுநீர் வழுக்க, கல்லோடு கல் உரசி மலையின் அடித்தரை அரைபடுகிறது. கல்லுக்கு மேல் கல், மேலே பாரம், இடையில் ஈரம்: நம் அம்மிக்கும் இதுதான் சூத்திரம். வெளியே வருவது மணலை விடவும் நைசான தூள். பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு பருமன். நம் ஆறுகளின் புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் வருகிறதே, அது காலங்காலமாக வெயிலும் மழையும் தின்று, இரும்பு துருவேறிய மண். இது அப்போதுதான் உடைந்த கல். துருப்பிடிக்க நேரம் கிடைக்கவில்லை, அதனால் சாம்பல்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் அம்மா தன் காலித் தண்ணீர் போத்தலை ஓடையில் நிரப்பிப் பாறைமேல் வைத்தார். இருபது நிமிடத்தில் அடியில் மெல்லிய மணல் படிந்துவிட்டது. மேலே இருந்த பால் மட்டும் தெளியவே இல்லை. 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கண்ட விதியைக் கொண்டு அந்த அடத்தைக் கணக்கிடலாம். துகளின் விட்டம் பாதியானால் அது மூழ்கும் வேகம் கால்வாசியாகும். லூயிஸ் ஏரியின் ஆழம் சுமார் 70 மீட்டர். தலைமுடிப் பருமனுள்ள மணல்துகள் அசையாத குளிர்நீரில் அந்த ஆழத்தை அரை நாளுக்குள் கடந்துவிடும். அதில் முப்பதில் ஒரு பங்கு பருமனுள்ள துகளுக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். அதிலும் பாதிப் பருமன் என்றால் நான்கு ஆண்டுகள். அசையாத நீரில்தான் இந்தக் கணக்கு. காற்றும் நீரோட்டமும் உள்ள ஏரியில் இன்னும் இழுக்கும். ஒன்று தரைக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த கோடையின் மாவு வந்து இறங்கிவிடுகிறது.

போத்தலை அங்கேயே கவிழ்க்கச் சொன்னார் வழிகாட்டி. பூங்காவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துப் போகக் கூடாது. ஓர் ஏரியின் தண்ணீரை இன்னோர் ஏரிக்குச் சுமந்து போவதோ அதைவிடப் பெரிய ஆபத்து. மீன்களின் நோய் அப்படித்தான் பரவுகிறது.

சரி, சாம்பல் மாவு கலந்த தண்ணீர் எப்படி நீலமாகிறது? திரும்பி நடந்த பாதையிலேயே அதைப் பார்த்தோம். ஓடை வாயில் சாம்பல், நூறு தப்படி தள்ளிப் பாசிப்பயறு நிறம், நடு ஏரியில் நீலப்பச்சை. தண்ணீருக்குச் சிவப்பு பிடிக்காது. சிவப்பு ஒளி ஒரு மீட்டர் சுத்த நீரைக் கடப்பதற்குள் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். நீலமோ பத்துப் பதினைந்து மீட்டர் போனாலும் பெரிதாகக் குறையாது. ஆகவே ஒளி தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போய் வருகிறதோ, அதைப் பொறுத்து நிறம். ஓடை வாயில் மாவு அடர்த்தி. உள்ளே நுழைந்த ஒளி ஒரு சாண் போவதற்குள் துகளில் மோதித் திரும்பிவிடுகிறது. சிவப்பைப் பறிகொடுக்க நேரமில்லை, அதனால் வெளுப்பு. நடு ஏரியில் மாவு குறைவு. ஒளி சில மீட்டர் போய்த் திரும்புகிறது. சிவப்பும் மஞ்சளும் செத்து, நீலமும் பச்சையும் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. மாவே இல்லாவிட்டால்? உள்ளே போன ஒளியைத் திருப்பியனுப்ப ஆள் இல்லை. தண்ணீர் கருநீலமாகத் தெரியும். ஏரிகள் குளிர்காலம் முழுக்கப் பனிமூடிக்கு அடியில் படிந்து தெளிகின்றன. அதனால்தான் பனி விலகும் ஜூன் தொடக்கத்தில் இவை கொஞ்சம் இருண்டிருக்கும். உருகுநீர் வந்து கலக்கிய பிறகே, ஜூலையில், இந்த மயில்கழுத்து நிறம்.

அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன்: நீலம் கரைத்தவர் உண்டு, அவர் பெயர் மலை. அவர் தலையசைத்து, ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றித் தந்தார்.

பிற்பகலில் வடக்கே 93ஆம் நெடுஞ்சாலையில் ஏறினோம். ஜாஸ்பர்வரை 230 கிலோமீட்டர் போகும் மலைச்சாலை. நாங்கள் போனது நாற்பது சொச்சம்தான். வழியில் 'காக்கைக்கால்' பனியாறு. மூன்று விரல்கள் இருந்ததால் அந்தப் பெயர். அடி விரல் கடந்த நூற்றாண்டிலேயே போய்விட்டது. பெயரைத் தெரிந்துகொண்டு எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கணக்கு உதைத்தது.

அதற்கு எதிரே போ ஏரி. நம் காதுக்குத் துரத்துவதுபோல் கேட்டாலும் கிளம்ப மனம் வராத இடம். கால்கரி நகரத்தின் நடுவே ஓடும் போ ஆறு இங்கேதான் பிறக்கிறது. இதன் பனியாறு ஒரு நூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்ச் செங்குத்துப் பாறையில் வழிந்து கீழே இறங்கியிருந்தது. இப்போது பாறைக்கு மேலே ஒதுங்கிவிட்டது. அது விட்டுப்போன பள்ளத்தில் புதிதாக ஒரு குட்டி ஏரி. மலையிலிருந்து வரும் வண்டலின் பெரும்பகுதியை இப்போது அந்தக் குட்டி ஏரி வாங்கி வைத்துக்கொள்கிறது. கீழ் ஏரிக்கு வருவது வடிகட்டிய தண்ணீர். ஏரியின் அடிச்சேறு முன்பைவிட மெதுவாகத்தான் சேர்கிறது.

கடைசியாக பீட்டோ ஏரி. சாலையே அங்கே 2,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் காட்சி முனை. ஏரி 200 மீட்டருக்கும் கீழே. காலையில் சொன்ன ஜன்னல் கணக்கு இங்கே முழுசாகப் பலிக்கிறது. ஓநாய்த் தலை வடிவில், நிழலே படாத நீலப்பச்சை. ஒரு முனையில் சாம்பல் ஓடைகள் பின்னலாகப் பிரிந்து வந்து விழுகின்றன. கொண்டுவருவது பீட்டோ பனியாறு. வில்காக்ஸ் 1896இலேயே படம் எடுத்தது இதைத்தான். 1960களின் நடுவிலிருந்து ஆண்டு தவறாமல் அளந்து வருகிறார்கள், சர்க்கரை நோயாளியை மாதாமாதம் எடை பார்ப்பதுபோல. எடை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இதன் வாயிலும் புது ஏரி ஒன்று உருவாகியிருக்கிறது. மேற்குக் கனடாவின் பனியாறுகள் 2005இல் இருந்த பனியில் சுமார் 70 சதவீதத்தை இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இழக்கும் என்று 2015இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது.

உருகும் காலத்தில் முதலில் தண்ணீர் கூடும், மாவும் கூடும். பிறகு அரைக்கப் பனி இருக்காது. ஏரி வற்றிவிடாது, மழையும் குளிர்காலப் பனியும் நிரப்பும். அரைகல் நின்றுவிடுவதால் மாவு மட்டும் வராது. கண்ணுக்கு இப்போது தெரியும் நிறம் போய், அடிவரை தெளிந்த கருநீலம் வரும்.

அம்மா கம்பி வேலியைப் பிடித்தபடி வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பேரனுக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொல்லி என்னிடம் போனைக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்ததும் கேட்டார்:

"அப்ப அவன் பெரியவனாகி வரேக்க தண்ணி தெளிஞ்சிடுமோ?"

"அப்படித்தான் சொல்றாங்கம்மா."

"தெளிஞ்ச தண்ணியைப் பாக்க ஆர் தம்பி இவ்வளவு தூரம் வருவினம்?"