முகத்து முடியும் லேசர் ஒளியும்: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

பெண்களின் மேலுதட்டிலும் தாடையிலும் கழுத்திலும் வளரும் முடி பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதன்று. ஆயினும் அது தரும் மனவேதனை சிறியதன்று. எம் புறநோயாளர் பிரிவுக்கு வரும் இளம்பெண்களுள் சிலர் தலைவலி என்றோ காய்ச்சல் என்றோ சொல்லி அமர்ந்து, அருகில் யாரும் இல்லாத வேளையில் குரலைத் தாழ்த்தி இதைப் பற்றிக் கேட்கின்றனர். பெண் பார்க்க வருவதற்குள் இதைப் போக்க வழியுண்டா என்று தாய்மாரும் கேட்பதுண்டு. ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது இக்கேள்விகள் பெருகும்.

ஒரே முறையில் நிரந்தரத் தீர்வு என்னும் லேசர் விளம்பரங்கள் இன்று கைபேசித் திரை வரை வந்துவிட்டன. ஜலகண்டாபுரத்தில் தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தை அதற்குச் செலவிடுமுன், அச்சிகிச்சையால் என்ன இயலும், என்ன இயலாது, எங்கே இடர் உண்டு என்பவற்றை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். எம் மருத்துவமனையில் லேசர் கருவி இல்லை. ஆகவே செய்துகொள்ளுங்கள் என்பதிலோ வேண்டாம் என்பதிலோ எமக்கு ஆதாயம் ஏதும் இல்லை.

முதலில் காரணம், பிறகே சிகிச்சை

முகத்தில் மென்மையான, நிறம் குறைந்த பூனைமுடி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அது நோயன்று. ஆண்களுக்கு வளரும் இடங்களில் தடித்த கருமுடி வளர்ந்தால்தான் காரணத்தை ஆராய வேண்டும். இதை மதிப்பிட, உடலின் 9 இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் முறையொன்றை மருத்துவர்கள் பின்பற்றுகின்றனர். 1961இல் பெரிமன், கால்வே என்னும் இருவர் வகுத்த அளவுகோலைத் திருத்தி அமைத்த முறை இது.

இத்தகைய வளர்ச்சிக்குப் பெரும்பான்மைக் காரணம், மக்கள் வழக்கில் நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் நிலையாகும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணித்தது. மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகப்பரு, எடை கூடுதல், பிடரி கறுத்தல் ஆகியவை உடனிருக்கக்கூடும். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு மிகுதி. முகத்து முடியை மட்டும் அகற்றிவிட்டு இந்நிலையைக் கவனியாது விடுவது, புகையை விசிறி விரட்டிவிட்டு நெருப்பை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

சில மருந்துகளாலும் முடி வளரும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிடாயின், வழுக்கைக்குத் தடவும் மினாக்ஸிடில், நாட்பட உட்கொள்ளும் ஸ்டீராய்டு ஆகியவை அவற்றுள் சில. இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி காண்பார்.

நம் பகுதியில் மிகுதியாகக் காண்பது மற்றொன்று. முகம் வெளுக்க வேண்டுமென மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் களிம்புகளில் பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் முதலிய ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதுண்டு. அவற்றை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு தோன்றும், முடியும் முளைக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென மத்திய அரசு 2018இல் ஆணையிட்டது. ஆயினும் இன்றும் வாய்மொழியாகக் கேட்டு வாங்குவோர் உள்ளனர். இக்களிம்பு பூசி மெலிந்த தோலில் லேசர் செய்தால் இடர் மேலும் கூடும்.

உடனே மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சில மாதங்களுக்குள் திடீரென மிகுதியாக முடி வளர்தல், குரல் தடித்தல், ஆண்களுக்குப் போல நெற்றியோர முடி உதிர்தல், மாதவிலக்கு அறவே நின்றுபோதல் ஆகியவை சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருப்பதன் அடையாளமாகலாம். மாதவிலக்கு முற்றிலும் நின்ற வயதில் புதிதாகத் தடித்த முடி விரைந்து வளர்ந்தாலும் அவ்வாறே கருத வேண்டும். இவர்கள் அழகு நிலையத்துக்கு முன்னர் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எளிய வழிகள்

சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது பரவலான நம்பிக்கை. அது உண்மையன்று என 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியலாளர் அளந்து காட்டினார். கத்தி முடியின் நுனியை வெட்டுகிறது. மழுங்கிய நுனி சொரசொரப்பாகத் தோன்றுகிறது. வேருக்கு ஒன்றும் நேர்வதில்லை. தூய கத்தியால் மெல்லச் சவரம் செய்வது செலவற்ற, பாதுகாப்பான வழி. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

த்ரெட்டிங், வேக்சிங் ஆகியவை சில வாரங்களுக்குப் பயன் தரும். ஆனால் நம் நிறத் தோலில் வேர்க்கால் வீங்கிக் கரும்புள்ளி விழ வாய்ப்புண்டு. குப்பைமேனி, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் அரைத்துப் பூசும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. தடித்த முடியை இவை வேரோடு போக்கும் என நம்பிக் காத்திருத்தல் வேண்டா. பூசியபின் எரிச்சலோ அரிப்போ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். எப்லார்னித்தின் என்னும் களிம்பு முடி வளரும் வேகத்தைக் குறைக்கும். இரண்டு மாத அளவில் பயன் தெரியும், நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். ஹார்மோனைச் சீர்செய்யும் மாத்திரைகளின் பயன் தெரிய 6 மாதமாவது ஆகும். அவற்றுள் சில கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால் மருத்துவர் மேற்பார்வை இன்றி உட்கொள்ளக் கூடாது.

வரலாறு தரும் எச்சரிக்கை

முடியை நிரந்தரமாகப் போக்குவதாகச் சொல்லி வந்த புதுமைகள் முன்னரும் உண்டு. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட மறு ஆண்டே, 1896இல், வியன்னாவில் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த முடியை அக்கதிரால் உதிர்த்தார்கள். முடி உதிர்ந்தது, ஆறாப் புண்ணும் உண்டாயிற்று. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் டிரைக்கோ என்னும் எக்ஸ் கதிர்க் கருவிமுன் பெண்கள் முகத்தைக் காட்டி அமர்ந்தனர். வலி இல்லை, தீங்கு இல்லை என்றே விளம்பரம் சொன்னது. ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கிப் புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. 1930களின் தொடக்கத்தில் தாலியம் என்னும் நஞ்சு கலந்த கோரெம்லு களிம்பு, பூசியவர்களின் நரம்புகளைப் பாதித்தது.

லேசர் அத்தகையதன்று. அது எக்ஸ் கதிரும் அன்று, புற்றுநோய் விளைவிப்பதாக அறியப்பட்டதும் அன்று. எனினும் வலியில்லை, தீங்கில்லை, நிரந்தரம் என்னும் சொற்களைக் கேட்டவுடன் ஒருகணம் நின்று கேள்வி கேட்க வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

லேசர் செயற்படும் விதம்

முடிக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. லேசர் ஒளியை அந்நிறமி உறிஞ்சிச் சூடாகிறது. அச்சூடு வேர்க்காலைச் சிதைக்கிறது. குறிப்பிட்ட அலைநீள ஒளியால் குறிப்பிட்ட இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்னும் இக்கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் வெளியிட்டனர்.

இதிலிருந்து சில உண்மைகள் தெளிவாகும். நரைமுடியில் நிறமி இல்லை, எனவே லேசரால் பயனில்லை. எல்லா முடியும் ஒரே காலத்தில் வளர்பருவத்தில் இருப்பதில்லை, எனவே ஒரே அமர்வில் முடியாது. முகத்துக்குப் பொதுவாக 4 முதல் 6 வார இடைவெளியில் 6 அமர்வுகளோ அதற்கு மேலோ தேவைப்படும். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு தொடங்குவோர் பயனை எதிர்பார்க்க இயலாது. அவசரத்தில் சூட்டுப் புண் நேர்ந்தால், முகூர்த்த நாளில் முடியைவிடத் தழும்பே பெரிதாகத் தெரியும். மேலும், அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேசருக்கு ‘நிரந்தர முடிக்குறைப்பு’ என்று சொல்லவே இசைவு தந்துள்ளது, ‘நிரந்தர முடிநீக்கம்’ என்று சொல்ல அன்று. ஹார்மோன் காரணம் நீடித்தால் புதுமுடி வளரும், இடையிடையே மீண்டும் அமர்வுகள் தேவைப்படும்.

நம் தோலுக்குரிய இடர்கள்

முடியிலுள்ள அதே மெலனின் நம் தோலிலும் மிகுதியாக உண்டு. கருவி அதை வேறுபடுத்தி அறியாது. ஒளியைத் தோலே உறிஞ்சிக்கொண்டால் சூட்டுக் கொப்புளம், கருந்திட்டு, வெண்திட்டு, தழும்பு ஆகியவை நேரலாம். கருந்திட்டு மறைய மாதங்கள் ஆகும். வெண்திட்டும் தழும்பும் சிலருக்கு மறையாமலே போகலாம். அலைநீளம் கூடக் கூட ஒளி தோலின் மேற்பரப்பைக் கடந்து ஆழம் செல்லும். ஆகவே கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. 800 நானோமீட்டரை ஒட்டிய டையோடு லேசரும் தேர்ந்த கைகளில் பயன்படுகிறது. வெளுத்த தோலுக்கு ஏற்ற அளவை நம் தோலில் வைத்தால் புண்ணாகும். வீட்டிலேயே பயன்படுத்தும் ஒளிக்கருவிகள் பலவற்றின் பெட்டியிலேயே அடர்நிறத் தோலுக்கு உகந்ததன்று என அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

வயலிலும் களத்திலும் வெயில் பட உழைப்போரின் முகம் மேலும் கருத்திருக்கும். அவர்கள் சில வாரங்கள் வெயில் படாது காத்து, பிறகே சிகிச்சை பெற வேண்டும். நம் பாட்டிமார்க்கும் தாய்மார்க்கும் முகவாயில் பச்சை குத்திய புள்ளிகள் இருப்பதுண்டு. அப்பச்சை மையும் ஒளியை உறிஞ்சும். அதன்மேல் லேசர் பட்டால் சுட்டுவிடும். மச்சத்தின் மேலும் படக் கூடாது.

பலரும் அறியாத இடர் ஒன்றுண்டு. முடியைக் குறைக்கச் செய்த லேசரே, சிலருக்கு முடியைப் பெருக்கிவிடுகிறது. பூனைமுடி தடித்த கருமுடியாக மாறுகிறது. இது பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும், மாநிறம் முதல் கருநிறம் வரையுள்ள பெண்களிடத்தும், பிசிஓஎஸ் உள்ளோரிடத்தும் காணப்படுகிறது. ஆதலால் ‘முழு முகத்துக்கும் சலுகை விலை’ என்னும் அழைப்பை ஏற்று, மெல்லிய பூனைமுடி உள்ள கன்னங்களில் லேசர் செய்துகொள்வது நம்மவர்க்கு உகந்ததன்று.

கண்ணுக்கு உரிய காப்புக் கண்ணாடி இன்றி லேசர் அறையில் எவரும் இருத்தல் ஆகாது. புருவத்தை ஒட்டிய முடிக்கு, கண்குழி விளிம்புக்கு உள்ளே, லேசர் கூடவே கூடாது. கண்மணி பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மரப்புக் களிம்பிலும் கவனம் வேண்டும். லேசருக்கு முன் கால்களில் அதைத் தடவி பிளாஸ்டிக் தாளால் சுற்றிய 22, 25 வயதுப் பெண்கள் இருவர் உயிரிழந்ததைச் சுட்டி, அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவே, சொன்ன பரப்பிலேயே தடவ வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. சிகிச்சை அளிப்பவர் யார்? தோல் மருத்துவம் பயின்று லேசரில் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும் என்பது இந்தியத் தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நெறிமுறை.
2. எவ்வகை லேசர்? என் தோல் நிறத்துக்கு ஏற்றதா?
3. முதலில் சிறு இடத்தில் சோதித்து, சில நாள் பொறுத்துப் பார்ப்பீர்களா?
4. எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் உண்டா?
5. இடர்களை எழுத்தில் தமிழில் விளக்கி ஒப்புதல் பெறுவீர்களா? புண் நேர்ந்தால் யாரைக் காண்பது?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் கருவுற்றிருந்தாலோ, உட்கொள்ளும் மருந்து ஏதும் இருந்தாலோ, உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருவதுண்டு என்றாலோ, காயம்பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் இயல்பு இருந்தாலோ முன்னரே சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்கு முந்திய ஒரு மாதம் த்ரெட்டிங்கும் வேக்சிங்கும் கூடாது. வேரில் முடி இருந்தால்தான் ஒளி செயற்படும். சவரம் செய்யலாம். அன்று மஞ்சள், பவுடர், களிம்பு ஏதுமின்றி முகம் கழுவிச் செல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் சிறு சிவப்பும் வேர்க்கால் வீக்கமும் ஓரிரு நாளில் தணியும். கொப்புளமோ கடும் எரிச்சலோ தோன்றினால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் குளிர்வியுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் பூசாதீர். பனிக்கட்டியை நேரே வைக்காதீர். கொப்புளத்தை உடைக்காமல் அன்றே மருத்துவரைக் காணுங்கள். இரவல்ல, பகலல்ல, எந்நேரமும் எம் அவசரப் பிரிவுக்கு வரலாம்.

நரைமுடிக்கும், ஆங்காங்கே முளைத்த சில தடித்த முடிகளுக்கும் எலக்ட்ராலிசிஸ் ஏற்றது. ஒவ்வொரு வேர்க்காலிலும் நுண்ணூசி செலுத்தி மின்னோட்டத்தால் அழிக்கும் இம்முறை 1875 முதல் உள்ளது. பொறுமையும் தேர்ந்த கையும் வேண்டும். திருநங்கையர்க்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும் முன்னரே வளர்ந்த தாடியைப் போக்குவதில்லை. அவர்களுடைய தடித்த கருமுடிக்கு லேசர் நன்கு பயன்படும். இடர்களும் கேட்க வேண்டிய கேள்விகளும் மேலே சொன்னவையே.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவும் மகளிர் மருத்துவப் பிரிவும் உள்ளன. கடன் வாங்குமுன் அங்கே ஒருமுறை கருத்துக் கேட்பது நன்று.

குடும்பத்தாருக்கு

மகளின் முகத்து முடி அவள் செய்த குற்றமன்று. கேலியும் அவசரமுமே பல பெண்களைத் தகுதியற்ற இடங்களுக்கு மறைவாக அனுப்புகின்றன. அவளோடு உடன் வந்து, காரணத்தைக் கண்டறிந்து, காலம் எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள். முடியை அப்படியே விட்டுவிடுவதாக அவள் தீர்மானித்தால், அதுவும் ஒரு முடிவுதான். பிசிஓஎஸ் உள்ள பிரிட்டிஷ் சீக்கியப் பெண்ணான ஹர்னாம் கவுர் தம் தாடியை மறைக்காமல் உலகறிய வாழ்ந்து வருகிறார்.

மாதவிலக்கு எப்போது வந்தது, முடி எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து, என்னென்ன களிம்பு என்பவற்றை ஒரு தாளில் குறித்து, களிம்புக் குழாயையும் கையோடு எடுத்து வாருங்கள். தனியே பேச விரும்பினால் பதிவுச் சீட்டு வாங்கும்போதே செவிலியரிடம் சொல்லுங்கள். அதற்கு ஏற்பாடு செய்வோம்.