டி செல் எப்போது பிரியத் தொடங்குகிறது?

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், கூட இருப்பவர்களுக்கு மாண்டூ பரிசோதனை செய்வதுண்டு. பெரம்பலூரோ அரியலூரோ, முறை ஒன்றுதான். முன்கையின் உட்புறத் தோலுக்குள் 0.1 மில்லி மருந்தை மெல்லிய ஊசியால் ஏற்றுவார்கள். சின்னக் கொப்புளம்போல் எழும்பும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். அப்போது சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. விரலால் தடவி, தோல் தடித்திருக்கும் அகலத்தை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். 10 மில்லிமீட்டர் இருந்தால் பொதுவாகப் பாசிட்டிவ்.

காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) அங்கே கூடுவதால் வரும் தடிப்பு அது. கிருமி புதிதாக நுழைந்திருந்தால், சோதனை பாசிட்டிவ் ஆகவே 2 முதல் 8 வாரம் பிடிக்கும்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு கிருமித் துணுக்கை இனங்காணும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அதுவும் பிரியாமல் அடங்கியே சுற்றிவரும். அதன் ஏற்பி துணுக்கைப் பற்றினால் மட்டும் போதாது. துணுக்கைக் காட்டும் செல்லிடமிருந்து, டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதம் வழியாக இன்னொரு சமிக்ஞையும் வர வேண்டும். கரிசலில் மானாவாரியாக விதைப்பவர்களுக்கு இது சட்டென விளங்கும். தூறலை நம்பி முளைத்த மக்காச்சோளம், அடுத்த மழை பொய்த்தால் கருகிவிடும். முதல் சமிக்ஞை மட்டும் பெற்ற டி செல்லும் செயலிழந்துபோகும். கடுமையான ஏற்பாடுதான். ஆனால் நம் சொந்தத் திசுவைப் பகையென எண்ணும் செல்கள் பெருகாமல் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டும் கிடைத்தாலும் உடனே பிரிவதில்லை. செல் பருக்கும், சர்க்கரையை வாரி இழுக்கும், இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சுரந்து தன்னையே தூண்டிக்கொள்ளும். முதல் பிரிவுக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிறகு வேகம் பிடித்து, சில மணி நேரத்துக்கொரு முறை இரட்டிக்கும்.

எங்கே நிறுத்துவது? என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். எத்தனை முறை பிரிந்தோம் என்று செல் எண்ணுவதில்லை. மெல்பர்ன் ஆய்வாளர்கள் எலியின் டி செல்களில் கண்டு 2017-இல் வெளியிட்டது: தூண்டுதலுக்கு ஏற்ப மிக் என்ற புரதம் செல்லில் ஏறுகிறது, நேரம் போகப்போகக் குறைகிறது, ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் பிரிவு நிற்கிறது.

காசநோய்க் கிருமி நுரையீரலிலிருந்து நிணநீர்க் கணுவை எட்டுவதே தாமதமாகத்தான். அங்கே போனால்தான் டி செல்லின் கணக்கே தொடங்கும். அந்த இடைவெளியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் நோயாளி வீட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், நோய் தொற்றி முற்றவில்லை என்று பார்த்துவிட்டு, மாண்டூ முடிவுக்குக் காத்திராமல் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.