நெருப்புக்கும் அஞ்சாத நஞ்சு!

நெருப்பிலே இட்டால் எந்த மாசும் மாய்ந்துவிடும் என்று நம்மை நம்பவைத்தார்கள். வேள்வித் தீக்கும் அடுப்புத் தீக்கும் அந்தப் பெருமையைச் சூட்டினார்கள். ஆனால், பூசணம் பூத்த கடலை அந்தப் புராணத்துக்குக் கட்டுப்பட மறுக்கிறது!

1960-இல் இங்கிலாந்திலே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தேடிய அறிஞர்கள், தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கிலே பூசணம் கக்கிய நஞ்சைக் கண்டார்கள். அஃபிளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். கல்லீரலைக் கெடுப்பது அது. நாளடைவில் அங்கே புற்றுநோயையும் விளைப்பது.

கொதிக்கவைத்தால் பூசணம் சாகும். அது கக்கிய நஞ்சு சாகாது! தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். தூய நிலையில் இந்த நஞ்சு உருகிச் சிதைய 260 டிகிரிக்கு மேல் வேண்டும். கடலையை வறுத்தால் நஞ்சு ஓரளவு குறையும், அடியோடு ஒழியாது. நஞ்சேறிய பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது உருமாறி வரும்; காய்ச்சினாலும் போகாது.

முறிக்க வழியே இல்லையா? உண்டு. அழுத்தமும் வெப்பமும் கூட்டி அம்மோனியாவைச் செலுத்தினால் நஞ்சின் மூலக்கூறு உடைகிறது. அது கால்நடைத் தீவனத்துக்கான முறை. காரமிட்டுச் சுத்திகரித்தால் எண்ணெயிலிருந்து நீங்குகிறது. எல்லாம் ஆலையிலே நடப்பவை. குடிசையின் அடுப்படியிலே இவற்றுக்கு இடமேது?

1974-ஐ எண்ணிப் பாருங்கள். ராஜஸ்தானத்துப் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும், பருவம் தப்பிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைப் பழங்குடி மக்கள் உண்டார்கள். நோயுற்றோர் 397 பேர். மாண்டோர் 106 பேர். கெட்டதைக் கொட்டிவிட்டு நல்லதை வாங்க அந்த ஏழைகளின் கையிலே காசு ஏது?

அழிப்பது அரிது, தடுப்பது எளிது. பறித்த கடலையைத் தாமதமின்றி, பருப்பின் ஈரம் 8 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்தினால் பூசணம் தலைதூக்காது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிந்தால் நஞ்சின் பெரும்பகுதி அதோடு போகும்.

ஆனால், அறுவடை நாளிலே மழை வந்தால் திண்டிவனத்து உழவன் எங்கே உலர்த்துவான்? சாலை ஓரத்திலா? உலர்களம் வேண்டும், ஒழுகாத கிடங்கு வேண்டும், ஈரம் அளக்கும் கருவி ஊர்தோறும் வேண்டும் என்று கேட்கிறோம். பூசணம் பிடித்த சரக்கை மலிவு விலையில் ஏழையின் தலையிலே கட்டிவிட்டு, "நன்றாக வேகவைத்துத் தின்" என்று உபதேசிப்பது இரக்கமாகாது. அடுப்பிலே முறியாத நஞ்சைக் களத்திலேயே தடுப்பதுதான் ஆட்சியின் கடமை!