தண்ணீர் லாரிக்குள் மூன்று பேர்

பஸ்ராவிலிருந்து குவைத்துக்குப் போகும் பாலைவனப் பாதையில், கொளுத்தும் வெயிலில் ஒரு தண்ணீர் லாரி. டேங்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லைச் சாவடி நெருங்கும்போது மூன்று பாலஸ்தீனர்கள் அதற்குள் இறங்கி ஒளிந்துகொள்ள வேண்டும். ஆறேழு நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும் என்கிறான் டிரைவர். அவனும் பாலஸ்தீனன்தான்.

தவ்ஃபீக் சாலிஹ் 1972இல் இயக்கிய 'அல் மக்தூஊன்' (ஏமாற்றப்பட்டவர்கள்) படத்தின் கதை இது. கஸ்ஸான் கனஃபானியின் 1963ஆம் ஆண்டு குறுநாவல்தான் மூலம். 1948இல் சிறுவனாக அகதியானவர் கனஃபானி. குவைத்தில் ஆசிரியராக வேலை பார்த்தவர். படம் வெளிவந்த அதே ஆண்டு ஜூலையில் பெய்ரூட்டில் கார் குண்டுக்குப் பலியானார். அப்போது வயது 36.

மூன்று பேரும் மூன்று தலைமுறை. முதியவர் அபூ கைஸுக்கு, பறிபோன ஒலிவ மரங்களுக்குப் பதிலாக இரண்டொரு கன்றாவது வாங்கி நட வேண்டும். அஸ்அதை அரசியல் காரணத்துக்காகப் போலீஸ் தேடுகிறது. பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வந்த மர்வானின் குடும்பக் கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. அவனுடைய அப்பா, குண்டுவீச்சில் ஒரு காலை இழந்த பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்கிறார். அவளிடம் கான்கிரீட் கூரை போட்ட வீடு இருக்கிறது, அதற்காகத்தான். அகதி முகாமில் காலம் தள்ளிய மனிதருக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டியிருக்கிறது. அவரை வில்லனாக்கவோ அவருக்கு வக்காலத்து வாங்கவோ சாலிஹ் முயலவில்லை. அந்த நிதானம் பெரிய கலைஞர்களுக்கே கைவரும்.

சாலிஹ் எகிப்தியர். பணம் போட்டது சிரியாவின் அரசுத் திரைப்பட நிறுவனம். கதை பாலஸ்தீனத்துடையது, நடப்பது இராக்கிலும் குவைத்திலும். இத்தனை அரபு நாடுகள் கைகோத்துப் பிறந்த படம், அரபுச் சகோதரத்துவம் என்ற பேச்சு எல்லைச் சாவடியில் என்ன ஆகிறது என்று காட்டுகிறது. மொழி ஒன்று, மதம் ஒன்று, உணவும் பாட்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் கையில் காகிதம் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அகதிக் கூட்டங்களின் பழைய புகைப்படங்களையும் அரபுத் தலைவர்களின் படங்களையும் சாலிஹ் இடையிடையே சேர்த்திருப்பது இந்தக் கோபத்தில்தான். சில அரபு நாடுகள் படத்தைத் தடை செய்ததில் வியப்பில்லை.

குவைத் சாவடியில் குமாஸ்தாக்கள் டிரைவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பஸ்ராவில் அவனுக்கு ஒரு நடனக்காரியோடு தொடுப்பு என்று கேலி செய்கிறார்கள். யாருக்கும் அவசரமில்லை. அவனோ 1948 போரில் காயம்பட்டு ஆண்மையை இழந்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். வெளியே டேங்க் அடுப்பாகிறது.

நாவலில் மூவரும் சத்தமில்லாமல் சாகிறார்கள். ஏன் தட்டவில்லை என்ற டிரைவரின் அலறலோடு அது முடிகிறது. சாலிஹின் படத்திலோ அவர்கள் தட்டுகிறார்கள், பலமாகத் தட்டுகிறார்கள். அறைக்குள் ஏ.சி. ஓடும் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. நாவல் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் பாலஸ்தீனர்கள் இயக்கங்கள் கட்டி ஆயுதமும் ஏந்திவிட்டார்கள். இனியும் அவர்களிடம் 'ஏன் வாய் திறக்கவில்லை?' என்று கேட்பது நியாயமில்லை. கேள்வி இப்போது அறைக்குள் இருப்பவர்களை நோக்கித் திரும்புகிறது. மூலத்தை மாற்றியும் அதற்கு உண்மையாக இருந்த தழுவல் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

காகிதம் இல்லாதவர்களின் கதை அரபு சினிமாவில் இன்னும் ஓயவில்லை. 2018இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற நதீன் லபக்கியின் 'கஃபர்நாஹூம்' படத்துச் சிறுவன் ஸைனுக்குப் பிறப்புச் சான்றிதழ்கூடக் கிடையாது. அருமையான படம். ஆனால் கடைசியில் அடையாள அட்டைக்காகப் புகைப்படம் எடுக்கும்போது அவன் சிரிக்கும் சிரிப்பில் நமக்கு ஓர் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. சாலிஹ் அப்படி எதையும் தருவதில்லை. அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இந்தப் படம் 2023இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்திருக்கிறது. திரைப்பட விழாவிலோ திரைப்படச் சங்கத்திலோ போட்டால் நேரில் போய்ப் பாருங்கள். கைபேசியில் பார்த்தால் அந்த ஏ.சி. இரைச்சல் சரியாகக் கேட்காது.