முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட்

சேலத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ பிள்ளையை பெங்களூருவுக்கு அனுப்பி உளவியல் படிக்கவைக்கும் பெற்றோருக்கு, இரண்டாம் ஆண்டு முடிகிற நேரத்தில் ஒரு செய்தி வரும்: "லீவுக்கு வரமுடியாதுப்பா, இன்டர்ன்ஷிப் இருக்கு." அடுத்த வாரமே இன்னொன்று வரலாம்: "இன்டர்ன்ஷிப்புக்கு ஃபீஸ் கட்டணும், பணம் போட்டுவிடுங்க." அப்பா குழம்பிப் போவார். வேலைக்குப் போனால் சம்பளம் கொடுப்பார்கள். இங்கே வேலை செய்யப் போகிறவளிடமே காசு கேட்கிறார்களே? காலேஜுக்குத்தான் வருஷம் முழுவதற்கும் ஃபீஸ் கட்டியாகிவிட்டதே?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில் கல்லூரியின் கையேட்டிலும் இல்லை, பயிற்சி தரும் நிறுவனத்தின் ரசீதிலும் இல்லை. கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. இதில் 2 முதல் 4 கிரெடிட் வரை இன்டர்ன்ஷிப் மூலம் வர வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று 2024 வழிகாட்டு நெறிமுறை கணக்கு வகுத்தது. அப்படியென்றால் 60 முதல் 120 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் பத்து முதல் இருபது நாளுக்குள் முடிந்துவிடும். நான்காம் செமஸ்டருக்குப் பிறகான விடுமுறைதான் இதற்குத் தோதான காலம். பயிற்சி தரும் இடத்தில் ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு வழிகாட்டி ஆசிரியர், முடிவில் அறிக்கையும் மதிப்பீடும். தாளில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கர்நாடகத்தில் இந்தத் தாளே இரண்டு முறை மாறியது. நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கையை 2021-ல் நாட்டிலேயே முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் அது. ஆட்சி மாறிய பிறகு, சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024-25 முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பின. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த மாற்றம் பொருந்தவில்லை. இதனால் ஒரே நகரத்தில், ஒரே பாடத்தைப் படிக்கும் இரண்டு மாணவிகளுக்கு இரண்டு விதமான கிரெடிட் கணக்கு. சேரும் முன் கல்லூரியின் சொந்த விதிமுறையைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

ஏன் பெங்களூரு?

பதில் பக்கத்திலுள்ள மைசூரில் தொடங்குகிறது. மைசூர் பல்கலைக்கழகம் உளவியல் துறையைத் தொடங்கியது 1924-ல். அதற்கு முன்பே தனித் துறை கண்டிருந்தது கல்கத்தா மட்டும்தான். மைசூரில் துறையைக் கட்டியெழுப்பிய எம்.வி.கோபாலசாமி லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்றவர்.

பெங்களூருவில் மைசூர் அரசின் மனநல மருத்துவமனை இருந்தது. அதன் வளாகத்தில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் பிறந்தது. எம்.வி.கோவிந்தசாமி முதல் இயக்குநர். அடுத்த ஆண்டே அங்கே மருத்துவ உளவியலில் டிப்ளமோ பயிற்சி தொடங்கியது. உளவியலாளர் என்றால் வகுப்பறையில் பாடம் நடத்துபவர் என்றிருந்த காலத்தில், வார்டுக்குள் நோயாளியின் அருகில் உட்கார்ந்து தொழில் கற்கும் முறை இந்தியாவில் அப்படித்தான் வேர்விட்டது. மருத்துவமனையும் நிறுவனமும் 1974-ல் ஒன்றிணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. 2012-ல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கும் அதுதான் தலைமை மையம்.

நிம்ஹான்ஸ் இருக்கும் இந்த ஊரில் மற்ற அமைப்புகளும் முளைத்தன. மனநோயிலிருந்து மீள்பவர்களைத் தங்கவைத்துப் பழக்கும் ரிச்மண்ட் ஃபெலோஷிப், மெடிக்கோ பாஸ்டரல் அசோசியேஷன். மாற்றுத்திறனாளிகளுக்காக 1959 முதல் இயங்கும் ஏ.பி.டி.; மறதிநோய் கண்ட முதியோருக்கு நைட்டிங்கேல்ஸ்; புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கருணாஸ்ரயா; கவுன்சலிங் பயிற்சிக்குப் பரிவர்த்தன், பஞ்சாரா அகாடமி. ஒரு மனிதரின் மனம் எந்தெந்த வயதில் எப்படியெல்லாம் தடுமாறும் என்பதைப் பாடப்புத்தகம் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்கிறது. இந்த ஊரில் அதையே பேட்டை பேட்டையாகப் போய்ப் பார்க்கலாம்.

அந்த மணி நேரங்களில் என்ன நடக்கிறது?

முதலில், என்ன நடக்கக் கூடாது என்பதைப் பார்த்துவிடலாம். இளநிலை மாணவி யாருக்கும் சிகிச்சை தரமுடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள, 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அதற்கான வழி இரண்டாண்டு எம்.ஃபில். ஆக இருந்தது. எம்.ஃபில். பட்டத்தையே 2022-ல் யுஜிசி கைவிட்ட பிறகு, இந்தத் துறைக்கு 2025-26 வரை அவகாசம் தரப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் அந்த வாசலுக்கு வெகு தொலைவில் நிற்பவர்தான் இரண்டாம் ஆண்டு மாணவி.

ஆகவே பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதும்தான் அவருடைய வேலை. கேஸ் ஹிஸ்டரி எடுப்பது எப்படி என்று பக்கத்தில் இருந்து கவனிப்பார். நோயாளியின் தோற்றம், பேச்சு, மனநிலை, சிந்தனை, நினைவாற்றல், தன் நோயைப் பற்றி அவருக்கே உள்ள தெளிவு என்று வரிசையாகக் குறிக்கும் மனநிலைப் பரிசோதனையைப் பழகுவார். சிறப்புப் பள்ளியென்றால் சோதனைக் கருவிகளைப் பார்க்கலாம்: தார்வாட் பகுதியின் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக வி.வி.காமத் மாற்றியமைத்த பினே-காமத் நுண்ணறிவுச் சோதனை, குழந்தை அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறதா என்று அளக்கும் வைன்லேண்ட் அளவுகோல், கற்றல் குறைபாட்டைக் கண்டறிய நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை. கற்றல் குறைபாடு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதற்கான சான்றிதழ் இருந்தால்தான் பத்தாம் வகுப்புத் தேர்வில் குழந்தைக்குச் சலுகை கிடைக்கும். சோதனையின் நடுவே ஒரு மாணவி ஆர்வக்கோளாறில் விடையைக் கோடி காட்டிவிட்டால் அந்த மதிப்பெண் வீண்; அதே சோதனையை உடனே மறுபடி நடத்தவும் முடியாது, குழந்தைக்கு விடை தெரிந்துவிட்டிருக்கும். 1896-ல் ஃபிலடெல்ஃபியாவில் லைட்னர் விட்மர் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தபோது அவரிடம் வந்த முதல் பிரச்சினையே எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பையன்தான். ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பெங்களூருவின் கிளினிக்குகளுக்கு அதே பிரச்சினையோடு வரும் பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம்.

தமிழ் பேசும் மாணவிக்கு ஒரு கூடுதல் வேலையும் காத்திருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் நிம்ஹான்ஸைத் தேடி வருகின்றன. 'இதற்கு முன் என்ன சிகிச்சை எடுத்தீர்கள்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அதை அப்படியே கேட்டால் "ஒண்ணும் எடுக்கலைங்க" என்று பதில் வரலாம். "எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டால் குணசீலம் கோயில் வரும், தர்கா வரும், ஊர்ப் பூசாரி வருவார், இரண்டு வருடக் கதை வெளியே வரும். தர்கா ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை அறிந்த தமிழ்நாட்டு மாணவிக்கு, அந்தக் கதையை ஏன் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் இந்தத் திறமையையே சாக்காக வைத்து, நாள் முழுவதும் அவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் உட்காரவைப்பதும் நடக்கக் கூடியதே. அதுவும் பயிற்சி நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கில் மணி நேரமாகத்தான் ஏறும்.

யாருடைய நேரம்?

அப்பாவின் கேள்விக்கு இங்கே வருவோம். கிரெடிட் என்பது மாணவியின் நேரத்தை எண்ணுகிறது. ஆனால் கற்றுக்கொடுப்பது மேற்பார்வையாளரின் நேரம். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த பிரேக்தான் மேற்பார்வை. நோயாளி போன பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்து, 'அந்தக் கேள்வியை ஏன் அப்போது கேட்டாய், அவர் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்' என்று அலசுவதில்தான் தொழில் படிகிறது. அந்த அரை மணி நேரத்தில் ஒரு உளவியலாளர் இன்னொரு நோயாளியைப் பார்த்துச் சம்பாதித்திருக்கலாம். தொண்டு நிறுவனமென்றால், காத்திருக்கும் இன்னொருவருக்கு உதவியிருக்கலாம்.

கல்லூரி இந்த இன்டர்ன்ஷிப் கிரெடிட்டுக்கும் சேர்த்தே மாணவியிடம் கட்டணம் வாங்குகிறது. பாடம் நடத்தும் வேலையோ இன்னொரு நிறுவனத்தின் தலையில் விழுகிறது. கல்லூரி அந்த நிறுவனத்துக்கு எதுவும் தராவிட்டால், அது மாணவியிடமே கேட்கும். சில அரசு நிறுவனங்களில்கூட வெளிக் கல்லூரி மாணவர்களின் குறுகிய காலப் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. ஆக, ஒரே கிரெடிட்டுக்குக் குடும்பம் இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறது.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 'பிளாக் ஸ்வான்' படத் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இன்டர்ன்ஷிப்பால் முதன்மையாகப் பயனடைவது யார் என்று பார்க்கச் சொன்னது. அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் 2018-ல் அந்த அளவுகோலை ஏற்றது. கல்லூரி கிரெடிட் கிடைக்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. அங்கே கிரெடிட் கிடைப்பது, சம்பளம் தரத் தேவையில்லை என்பதற்கான வாதங்களில் ஒன்றாகிவிட்டது. இங்கே நாம் ஒரு படி மேலே போய், கிரெடிட்டுக்காக மாணவியையே பணம் கட்ட வைத்திருக்கிறோம்.

கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. நல்ல மேற்பார்வைக்கு விலை உண்டு. தவறு எங்கே நடக்கிறதென்றால், விலை வாங்கிக்கொண்டு மேற்பார்வையைத் தராமல் விடும்போது. வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேரைச் சேர்த்து, நான்கு ஸூம் வகுப்பு எடுத்து, இரண்டு கட்டுரை எழுதச் சொல்லிச் சான்றிதழ் அனுப்பும் 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்' கடைகள் அப்படிப்பட்டவை. சான்றிதழில் 120 மணி நேரம் இருக்கும். மாணவி ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று 2025-ல் யுஜிசி பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பட்டத்துக்குப் பொருந்தும் அந்த நியாயம், பட்டத்துக்குள் இருக்கும் செய்முறைப் பயிற்சிக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

நோயாளியும் ஒரு கட்சிக்காரர்

இந்தக் கொடுக்கல் வாங்கலில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். எந்த கிரெடிட்டும் கிடைக்காமல் தன் கதையைச் சொல்பவர். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அவருடைய விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. 24-வது பிரிவு அவர் சம்மதமின்றிப் படத்தையோ தகவலையோ ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. 'இன்டர்ன்ஷிப்பில் என் முதல் நாள்' என்று வார்டு வாசலில் நின்று ரீல்ஸ் போடும் வயதில் உள்ளவர்களுக்கு இதை முதல் நாளே, முதல் பாடமாகச் சொல்ல வேண்டும். கல்லூரிக்குத் தரும் கேஸ் அறிக்கையில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊர், தொழில், கணவரின் வேலை எல்லாம் அப்படியே இருந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உட்கார்ந்து கேட்பதற்கு முன் 'இவர் மாணவி, இருக்கலாமா?' என்று நோயாளியிடம் கேட்பதும், அவர் வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எழுந்து வெளியே போவதும் பயிற்சியின் பகுதிதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

மேற்பார்வையாளர் யார், அவருடைய தகுதி என்ன, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் உண்டா? அந்தப் பதிவேட்டை யாரும் சரிபார்க்கலாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவர் மாணவியோடு உட்காருவார்? ஒரே நேரத்தில் எத்தனை இன்டர்ன்கள்? நேரில் பார்ப்பது எவ்வளவு, வகுப்பு எவ்வளவு, டைப் அடிக்கும் வேலை எவ்வளவு? மனதைப் பாதிக்கும் ஒன்றைக் கேட்க நேர்ந்தால் மாணவி யாரிடம் போய்ப் பேசலாம்? இந்த நிறுவனத்தின் சான்றிதழைக் கல்லூரி ஏற்கும் என்பது எழுத்தில் இருக்கிறதா? நல்ல நிறுவனங்கள் இவற்றுக்கு எரிச்சல்படாது. எரிச்சல்பட்டால் அதுவே ஒரு பதில்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லாக் புக்கில் மாணவியின் மணி நேரத்துக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளரின் மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் போடலாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கிரெடிட் கிடையாது என்று சொல்லலாம். தான் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை, பாடம் உண்மையில் நடக்கும் இடத்துக்குத் தரலாம். அப்படித் தந்தால் தரத்தைக் கேட்கும் உரிமையும் கல்லூரிக்கு வரும். இப்போது ஓசியில் வாங்கிக்கொண்டிருப்பதால்தான் வந்த சான்றிதழை வாய்திறக்காமல் ஃபைலில் போட வேண்டியிருக்கிறது. அதுவரை, 'காலேஜுக்குக் கட்டின பணம் எங்கே போச்சு?' என்ற அப்பாவின் கேள்வியை மகளிடம் கேட்டுப் பயனில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், துறைத் தலைவரிடம் கேட்கலாம்.