வீடு ரெனோவேஷனா? ஈபி மீட்டரை இடம் மாற்ற என்ன செய்யணும்? சுவரை இடிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வீட்டைப் புதுப்பிக்க முடிவு செய்தால் டைல்ஸ், பெயின்ட், கிச்சன் ஷெல்ஃப் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பட்ஜெட் போட்டுவிடுவார்கள். வாசல் சுவரில் இருக்கும் ஈபி மீட்டர் மட்டும் கடைசி நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வரும். சுவரை இடிக்க ஆள் வந்து நிற்கும்போது, "மீட்டர் குறுக்கே இருக்கே சார்" என்பார் மேஸ்திரி. கூடவே ஒரு யோசனையும் வரும்: "ரெண்டு ஸ்க்ரூதானே, நம்ம எலக்ட்ரீஷியனை விட்டுக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிடலாம்."

அந்த யோசனைக்குத் தலையாட்டினால் உயிருக்கும் ஆபத்து, போலீஸ் கேஸுக்கும் வாய்ப்பு. முறையாகச் செய்வது அவ்வளவு பெரிய வேலையும் இல்லை. எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம். தமிழ்நாட்டில் மீட்டரை இடம் மாற்றுவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம வீட்டு மீட்டரை நாமே மாற்றக் கூடாதா?

கூடாது. மீட்டர் உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தாலும் அது மின் பகிர்மானக் கழகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கருவி. கம்பத்தில் இருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயரும், மீட்டரும், அதன் சீலும் ஈபி தரப்பின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி மெயின் சுவிட்ச், வயரிங், பிளக் பாயின்ட் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. உங்கள் எலக்ட்ரீஷியன் கை வைக்கலாம் என்றால் இந்த இரண்டாவது பகுதியில் மட்டும்தான்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-ன் 138-வது பிரிவின்படி, அனுமதி இல்லாமல் மீட்டரை மின் இணைப்பில் இருந்து துண்டிப்பதும், மீண்டும் இணைப்பதும் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஒரு யூனிட் கூடத் திருடவில்லை என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும். சீல் உடைந்திருந்து, மீட்டரில் கை வைத்து மின்சாரம் எடுத்ததாகச் சந்தேகம் வந்தால், மின் திருட்டுக்கான 135-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது?

மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மெயின் சுவிட்ச் இருப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம். கம்பத்தில் இருந்து மீட்டருக்கு வரும் வயரை அணைக்க வீட்டுக்குள் சுவிட்சே கிடையாது. வீடு முழுக்க இருட்டாக இருந்தாலும் அந்த வயரில் மின்சாரம் ஓடத் தயாராகவே இருக்கும்.

வீட்டுக்குள் ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி. கருவியும் மீட்டருக்குப் பிறகுதான் இருக்கிறது. சர்வீஸ் வயரில் கை பட்டால் அது உதவிக்கு வராது. அதனால்தான் ஈபி ஊழியர்கள் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பிறகு மீட்டரைக் கழற்றுகிறார்கள். சம்மட்டியால் சுவரை இடிக்கும் தொழிலாளிக்கு, பூச்சுக்குள் புதைந்திருக்கும் சர்வீஸ் பைப் எங்கே போகிறது என்று தெரியாது. அந்தச் சுவரில் வேலை தொடங்கும் முன் மீட்டர் இடம் மாறியிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எங்கே அப்ளை பண்ணணும்?

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில், வீட்டு இணைப்புகள் அடங்கும் தாழ்வழுத்த மின் சேவைகள் பகுதியில் விண்ணப்பிக்கலாம். ஆன்லைன் பழக்கம் இல்லாதவர்கள் உங்கள் பகுதி ஈபி செக்‌ஷன் ஆபீஸில், அதாவது பிரிவு அலுவலகத்தில், உதவிப் பொறியாளரைப் பார்த்து வழிமுறை கேட்கலாம். எந்தச் செக்‌ஷன் என்று தெரியாவிட்டால் 24 மணி நேரமும் இயங்கும் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

• மின் இணைப்பு எண் (ஈபி கார்டில் இருக்கும்)

• இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டை

• வீட்டு வரி ரசீது அல்லது சொத்து ஆவணத்தின் நகல்

• மீட்டர் இப்போது இருக்கும் இடம், போக வேண்டிய இடம் இரண்டுக்கும் போட்டோ, சின்ன ஸ்கெட்ச்

பல வீடுகளில் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அப்படி என்றால் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வது நல்லது. பாக்கி பில் இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர் தானாக விண்ணப்பிக்காமல் வீட்டு உரிமையாளர் மூலமாகவே செய்ய வேண்டும். மாடியில் சோலார் போட்டு நெட் மீட்டர் வைத்திருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்ளை பண்ணிய பிறகு என்ன நடக்கும்?

ஈபி ஊழியர்கள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். கம்பத்தில் இருந்து எவ்வளவு தூரம், இருக்கும் வயர் போதுமா, புது வயர் வேண்டுமா, நடுவில் கம்பம் தேவையா என்று கணக்கிட்டு எஸ்டிமேட் போடுவார்கள். செலவு முழுவதும் நுகர்வோருடையது. ஒரே சுவரில் நாலு அடி தள்ளி வைப்பதற்கும், வீட்டின் பின்பக்கத்தில் இருந்து காம்பவுண்ட் சுவருக்குக் கொண்டுவருவதற்கும் ஒரே தொகை வராது. பணத்தைக் கழகத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கையில் கொடுக்கும் பணத்துக்குக் கணக்கும் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது.

முன்பு இந்த வேலைக்கு ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்ற குழப்பம் இருந்தது. 2024 செப்டம்பரில் நடந்த 54-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம், மின் விநியோக நிறுவனங்கள் மின் விநியோகத்தின் துணைச் சேவையாகச் செய்யும் மீட்டர் மற்றும் சர்வீஸ் லைன் இடமாற்றத்துக்கு வரிவிலக்கு தரப் பரிந்துரைத்தது. அந்த விலக்கு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எஸ்டிமேட்டில் ஜிஎஸ்டி என்று தனி வரி இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

எத்தனை நாளில் முடியும்?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் செயல்திறன் தர விதிமுறைகளில் இதற்குக் காலக்கெடு இருக்கிறது.

• மீட்டர் அல்லது சர்வீஸ் இடமாற்றம்: 25 நாட்கள்

• மின் லைன் இடமாற்றம்: 60 நாட்கள்

• டிரான்ஸ்ஃபார்மர் இடமாற்றம்: 90 நாட்கள்

இதில் ஒரு விஷயம் முக்கியம். நாள் கணக்கு விண்ணப்பித்த தேதியில் இருந்து தொடங்காது, எஸ்டிமேட் தொகையைக் கட்டிய பிறகுதான் தொடங்கும். பணம் கட்ட ஒரு வாரம் தள்ளிப்போட்டால் வேலையும் ஒரு வாரம் தள்ளிப்போகும். கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய் வரை நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது அதே விதிமுறை. எனவே கொத்தனாருக்குத் தேதி கொடுப்பதற்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவது புத்திசாலித்தனம்.

சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் பில்லர் பாக்ஸில் இருந்து தரைக்கடியில் கேபிள் மூலம் வருகிறது. அங்கே இடமாற்றத்துக்குச் சாலையைத் தோண்ட வேண்டி வந்தால் மாநகராட்சி அனுமதியும் தேவைப்படும். மழைக்காலம் நெருங்கும்போது இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

மீட்டரை எங்கே வைப்பது நல்லது?

வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலையைக் கேட்பார்கள். ஈபி தரப்பு பார்ப்பது வேறு: கம்பத்தில் இருந்து சுலபமாக வயர் வர வேண்டும், கணக்கெடுக்க வருபவர் வீட்டுக்குள் நுழையாமலே ரீடிங் பார்க்க வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்த்து, எஸ்டிமேட் போடும் முன்பே இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

• கண் மட்டத்தில் ரீடிங் தெரியும் உயரம் வேண்டும்

• மழைச்சாரல் படாமல் மேலே சன்ஷேட் இருக்க வேண்டும்

• பாத்ரூம் சுவர், தண்ணீர் பைப், கேஸ் சிலிண்டர் இருக்கும் இடம் வேண்டாம்

• பூட்டிய கிரில்லுக்குள் வேண்டாம். தீப்பிடித்தால் ஓடிப்போய் மெயினை அணைக்க முடியாது

• சர்வீஸ் வயர் பக்கத்து வீட்டு மாடி மீது போகக் கூடாது

• 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் நின்ற பகுதி என்றால், அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்

"வேலை முடியும் வரை தற்காலிகமாகக் காம்பவுண்டில் மாட்டிவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுபோகலாம்" என்று சிலர் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் இரண்டு விண்ணப்பம், இரண்டு செலவு. காம்பவுண்டே நிரந்தர இடமாக இருக்க முடியுமா என்று முதலிலேயே யோசிப்பது லாபம்.

மாடி கட்டுகிறீர்களா? கம்பியையும் பாருங்கள்

ரெனோவேஷனோடு மேல்மாடியும் எழுப்பினால் பிரச்சினை மீட்டரோடு நிற்காது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, தெருவில் போகும் உறையில்லாத தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலே போனால் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் உயர் அழுத்தக் கம்பி மேலே போனால் 3.7 மீட்டர். பால்கனியை நீட்டும்போது இந்த இடைவெளி குறையும் என்றால், மீட்டர் இடமாற்றத்தோடு லைன் இடமாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத்தான் 60 நாள் கெடு.

கட்டட வேலைக்கு வீட்டு கரன்ட்டையே பயன்படுத்தலாமா?

இருக்கும் வீட்டு வளாகத்தில் 2,000 சதுர அடிக்கு மேல் கூடுதலாகக் கட்டினால், கட்டுமானப் பணிகளுக்கான தற்காலிக மின் கட்டணப் பிரிவுக்கு வந்துவிடும். அதற்குக் கட்டணம் அதிகம். தெரியாமல் வீட்டுக் கட்டணத்திலேயே ஓட்டி, ஆய்வில் சிக்கினால், மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி பொருந்தும் கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிப்பார்கள். பழைய வீட்டை முழுவதுமாக இடித்துக் கட்டுபவர்கள், இடிக்கும் முன்பே செக்‌ஷன் ஆபீஸில் சொல்லிவிட வேண்டும்.

மாற்றும் நாளில் என்ன கவனிக்கணும்?

புது இடத்தில் போர்டு, மெயின் சுவிட்ச், ஆர்.சி.சி.பி., எர்த் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். ஈபி ஊழியர்கள் வரும் நாளில் உங்கள் எலக்ட்ரீஷியனும் கூடவே இருக்கட்டும். அவர்கள் மீட்டரை மாட்டியதும், மீட்டரில் இருந்து வீட்டுக்குப் போகும் வயரை இவர்தான் தயாராக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று இரவு இருட்டுதான்.

• கழற்றும் முன் மீட்டர் எண், ரீடிங், சீல் மூன்றையும் போட்டோ எடுங்கள்

• மாட்டிய பிறகும் அதே மூன்றை எடுங்கள். புது சீல் போட்டார்களா என்று பாருங்கள்

• புது மீட்டர் மாட்டினால், பழையதன் கடைசி ரீடிங்கும் புதியதன் முதல் ரீடிங்கும் ஈபி கார்டில் எழுதப்பட வேண்டும்

• மெயினை ஆஃப் செய்துவிட்டு மீட்டரின் சின்ன சிவப்பு லைட்டைக் கவனியுங்கள். விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தால் எங்கோ இணைப்பு தவறு

வாடகைக்கு விட்ட வீடுகளில் இந்தக் கடைசி சோதனை ரொம்ப அவசியம். மூன்று, நான்கு மீட்டரை ஒரே நேரத்தில் நகர்த்தும்போது வயர் மாறிப்போனால், மாடி வீட்டு ஏசிக்குக் கீழ் வீட்டுக்காரர் பில் கட்டுவார். ஒவ்வொரு வீட்டு மெயினையும் ஒவ்வொன்றாக அணைத்து, எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்த்து, அதன் மேல் போர்ஷன் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இழுத்தடித்தால் யாரிடம் போவது?

முதலில் மின்னகத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். அடுத்து, மின் பகிர்மான வட்ட அளவில் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். அங்கே கிடைக்கும் முடிவு திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எல்லா இடத்திலும் முதலில் கேட்கப்போவது பணம் கட்டிய ரசீதும் தேதியும்தான்.

சுருக்கமாக: இடத்தை முடிவு செய்யுங்கள், விண்ணப்பியுங்கள், எஸ்டிமேட் கட்டுங்கள், புது போர்டைத் தயார் செய்யுங்கள், மீட்டரை மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சுவரை இடிக்கலாம். வரிசை மாறி முதலில் சுவரில் கை வைத்தால், பாதி இடித்த சுவரில் தொங்கும் மீட்டரோடு 25 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.